தொடுகையை உணரும் இலை: தாவரங்கள் நோயை எதிர்கொள்வது எப்படி?

சிட்னி நகரின் மையப்பகுதியிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பென்டில் ஹில், ஆஸ்திரேலியாவில் தமிழர்கள் செறிந்து வாழும் புறநகர்களில் ஒன்று. இங்கும், அருகிலுள்ள வென்ட்வொர்த்வில், டூன்காபி போன்ற இடங்களிலும் தமிழர்களின் வீட்டுப் பின்வளவுகளில் கறிவேப்பிலை, முருங்கை, கொய்யா ஆகியவற்றைக் காணலாம். சிட்னியில் வேலிக்காகப் பரவலாக நடப்படும் செடி லில்லி பில்லி. ஆஸ்திரேலியாவுக்கே உரிய இந்தச் செடி தாவரவியல்படி நமது நாவல் மரத்தின் நெருங்கிய உறவு. கொய்யா, ஜம்பு, யூக்கலிப்டஸ் ஆகியவையும் இவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு புதிய ஆபத்து வந்தது. சிட்னிக்கு வடக்கேயுள்ள மத்திய கடலோரப் பகுதியில், தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மிர்ட்டில் துரு என்ற பூஞ்சை நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இளந்தளிர்களில் மஞ்சள் நிறப் பொடியாகத் தோன்றும் இந்த நோய் சில ஆண்டுகளுக்குள் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் பரவியது. ஆஸ்திரேலியத் தாவரங்களில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் இதனால் தொற்றுக்குள்ளாகக் கூடியவை என்று இன்று அறியப்பட்டுள்ளது.

விலங்குகளைப் போல ஆபத்தைக் கண்டு ஓடிச்செல்லத் தாவரங்களால் முடியாது. இரத்த ஓட்டத்தில் சுற்றித்திரிந்து கிருமிகளைத் தேடும் வெள்ளணுக்களும் அவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு உயிரணுவும் நின்ற இடத்திலேயே நின்று தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு காத்துக்கொள்வதற்கு, எதிரி வந்துவிட்டது என்பதை அது முதலில் அறிந்தாக வேண்டும். எதை வைத்து அறிகிறது?

பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வெளியிடும் இரசாயனப் பொருட்களை வைத்தே தாவரங்கள் அவற்றை அடையாளம் காண்கின்றன என்பது நீண்டகாலமாக வலியுறுத்தப்பட்டு வந்த விளக்கம். அந்த விளக்கம் தவறானதல்ல. ஆனால் அது முழுமையானதும் அல்ல என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. தன்மீது விழும் அழுத்தத்தையும் தாவரம் உணர்கிறது. அந்த உணர்வும் அதன் நோய் எதிர்ப்பின் ஒரு பகுதி. இந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க சில ஆஸ்திரேலியாவில் நடைபெற்றவை.

ஊசிமுனை சொன்ன செய்தி

கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் ஹார்டம், தாவரங்களைத் தாக்கும் நுண்ணுயிர்கள் குறித்து நெடுங்காலம் ஆய்வு செய்தவர். அவரும் டைகோ டகெமோட்டோ, ரோஸ்மேரி வைட் ஆகியோரும் இணைந்து 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விடயத்தில் முக்கியமானது.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறிய செடியே உலகெங்கும் தாவர ஆய்வுகளுக்கு அதிகமாகப் பயன்படுகிறது. அதன் வித்திலைகளின் மேற்பரப்பை மிக நுண்ணிய கண்ணாடி ஊசியாலும் டங்ஸ்டன் ஊசியாலும் இந்த ஆய்வாளர்கள் மெதுவாகத் தொட்டார்கள். ஊசி உயிரணுவைத் துளைக்கவில்லை, வெறுமனே அழுத்தியது. உயிரணுவின் உட்பாகங்கள் ஒளிரும் புரதங்களால் முன்னதாகவே குறியிடப்பட்டிருந்ததால், உள்ளே நடப்பதை நுண்நோக்கி வழியாக நேரடியாகக் காண முடிந்தது.

மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள், ஊசி தொட்ட இடத்துக்கு நேர் கீழே ஆக்டின் எனப்படும் இழைகள் திரளத் தொடங்கின. உயிரணுவுக்குள் பொருட்களைக் கொண்டுசெல்லும் தண்டவாளங்கள் போன்றவை இந்த இழைகள். தொடர்ந்து, புரதங்களைத் தயாரிக்கும் சவ்வுத் தொகுதியும், நச்சுப் பொருட்களைக் கையாளும் சிறு உறுப்புகளும் அதே இடத்தில் குவிந்தன. ஊசி நகர்ந்தபோது இந்தத் திரளும் அதனுடன் சேர்ந்து நகர்ந்தது. ஊசியை எடுத்தவுடன் விரைவாகக் கலைந்துபோனது.

பூஞ்சை தாக்கும்போதும் உயிரணுவுக்குள் ஏறத்தாழ இதே மாற்றங்கள்தான் நிகழ்கின்றன என்பதால் இந்த ஆய்வு கவனம் பெற்றது. பூஞ்சையின் இரசாயனப் பொருள் எதுவும் அங்கே இல்லை. இருந்தது உலோகமும் கண்ணாடியும் மட்டுமே. ஆயினும் எதிரி கதவைத் தள்ளுவது போலவே உயிரணு நடந்துகொண்டது. எனவே உள்ளே நுழைய முயலும் கிருமி செலுத்தும் விசையை உணர்வதே, அடிப்படைப் பாதுகாப்பைத் தூண்டும் சமிக்ஞையாக இருக்கலாம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னதாக, 1998இல், ஜெர்மனியில் பார்ஸ்லி கீரையின் உயிரணுக்களை வைத்து நடத்தப்பட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியிருந்தது. இந்தத் திரட்சி வெறும் அதிர்ச்சியின் விளைவல்ல, உண்மையிலேயே காக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1997இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், வாற்கோதுமை உயிரணுக்களின் ஆக்டின் இழைகள் மருந்தொன்றின் மூலம் குலைக்கப்பட்டன. அப்போது, வழக்கமாக அந்தப் பயிருக்குள் நுழைய முடியாத பூஞ்சைகளும் நுழையத் தொடங்கின.

தஞ்சாவூர் வயல்களை அழித்த அழுத்தம்

ஒரு பூஞ்சை அப்படி என்ன விசையைச் செலுத்திவிட முடியும் என்ற கேள்வி எழலாம். இதற்கான பதில் தமிழர்களின் வேளாண் வரலாற்றோடும் தொடர்புடையது.

நெற்பயிரைத் தாக்கும் குலை நோய் இந்தியாவில் முதன்முதலில் 1913இல் பதிவு செய்யப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் டெல்டாப் பகுதியில் 1919இல் அது பேரழிவை ஏற்படுத்தியது. இன்றும் உலகின் நெல் விளைச்சலுக்கு மிகப் பெரிய அச்சுறுத்தல்களில் ஒன்றாக இந்த நோய் இருந்து வருகிறது.

இந்த நோய்க்குக் காரணமான பூஞ்சையின் வித்துத்துகள், இலைமீது ஒட்டிக்கொண்டபின் குமிழ் வடிவிலான ஓர் உறுப்பை உருவாக்குகிறது. அதன் சுவர் கருமையான மெலனின் படலத்தால் இறுகியிருக்கும். உள்ளே சர்க்கரை சார்ந்த பொருட்கள் செறிவடைய, வெளியிலிருக்கும் நீர் உட்புகுந்து அழுத்தத்தை உயர்த்துகிறது. 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி இந்த அழுத்தம் சுமார் 80 வளிமண்டல அழுத்தங்களுக்குச் சமம். கார் சக்கரத்திலுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 40 மடங்கு. இந்த அழுத்தத்தைக் கொண்டு ஒரு மெல்லிய முளையை இலைக்குள் பூஞ்சை செலுத்துகிறது. பிளாஸ்டிக் படலத்தைக் கூட அதனால் துளைக்க முடியும் என்பதைப் பரிசோதனைகள் காட்டின.

ஆக, இலையின் மேற்பரப்பில் நடப்பது இரசாயனப் போர் மட்டுமல்ல. அது ஒரு பொறியியல் போரும் கூட. பூஞ்சை தள்ளுகிறது, அந்தத் தள்ளுதலை உணரும் உயிரணு, சரியாக அந்த இடத்தில் சுவரைத் தடித்ததாக்க முயல்கிறது.

தொடு உணர்வு தாவரத்துக்கு மட்டுமே உரிய ஆயுதமும் அல்ல. அவரைச் செடியைத் தாக்கும் துருப் பூஞ்சை, இலையின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தே இலைத்துளை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிறது. மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு உயரமுள்ள மேடு அதற்குப் போதுமானது என்பதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் நிரூபித்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று தொட்டு அறிகின்றன.

மழைத்துளியும் ஓர் எச்சரிக்கை

தொடுகையை உணரும் தாவரம் என்றவுடன் தமிழர்களின் நினைவுக்கு வருவது தொட்டாற்சுருங்கி. அதன் உடலில் பாயும் மின் சமிக்ஞைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்தார். இலை சுருங்குவதால் செடிக்கு என்ன பயன் என்பதற்கு ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் தெளிவான விடை அளித்தார்கள். சுருங்க முடியாதவாறு மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகமாகத் தின்றன.

ஆனால் தொட்டாற்சுருங்கி விதிவிலக்கு அல்ல. அது வெளிப்படையாகச் செய்வதை மற்றச் செடிகள் வெளியே தெரியாமல் செய்கின்றன. இது வெளிச்சத்துக்கு வந்தது ஓரளவு தற்செயலாகத்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் ஆகியோர் செடிகள்மீது ஹார்மோன்களைத் தெளித்து மரபணு மாற்றங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் தெளிக்கப்பட்ட செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்தெழுந்தன. மழை, காற்று, தொடுகை ஆகிய மூன்றுமே இவற்றைத் தூண்டுகின்றன என்பதை 1990இல் அவர்கள் அறிவித்தார்கள். தூண்டப்பட்ட மரபணுக்கள் பல கால்சியத்தோடு தொடர்புடையவை.

இதற்கான விளக்கம் இப்போது ஓரளவு தெளிவாகியுள்ளது. உயிரணுவின் சவ்வு இழுபடும்போது அதிலுள்ள சில வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. இது சில நொடிகளில் நடந்துவிடும். கால்சியத்தின் அளவு உயர்ந்ததை உணரும் புரதங்கள், உறங்கிக்கொண்டிருக்கும் மரபணுக்களை எழுப்புகின்றன. இந்த எச்சரிக்கையின் ஒரு கிளை, பூச்சிகளுக்கும் சிலவகைப் பூஞ்சைகளுக்கும் எதிரான பாதுகாப்பை முடுக்கிவிடும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் வழியாகச் செல்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளியிட்ட ஆய்வு, தண்ணீர் தெளிக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் பெருமளவு மரபணுக்களின் செயற்பாடு மாறுவதையும், மிக்2 என்ற புரதமும் அதன் உறவுப் புரதங்களும் அதில் முக்கிய பங்கு வகிப்பதையும் காட்டியது.

உயிர் வாழ மழை தேவைப்படும் செடி, மழையைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? இலைமீது மோதித் தெறிக்கும் மழைத்துளியே பாக்டீரியாக்களையும் பூஞ்சை வித்துத்துகள்களையும் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குக் கொண்டுசெல்லும் வாகனம் என்பதே பதில். பெரும்பாலான நோய்க்கிருமிகள் முளைப்பதற்கும் இலையில் ஈரம் தேவை. எனவே மழையின் முதல் துளியே நோய் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பாகிறது. இலைமீதுள்ள நுண்ணிய மயிர்கள் மழைத்துளி மோதும்போது வளைகின்றன என்பதையும், அவற்றின் அடியிலிருந்து கால்சிய அலை வட்டமாகப் பரவி நோய் எதிர்ப்பு மரபணுக்களை எழுப்புகிறது என்பதையும் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் விளக்கினார்கள்.

விழிப்புக்குக் கொடுக்கும் விலை

அப்படியானால் எந்நேரமும் விழிப்பாக இருக்கும் செடிதானே சிறந்த செடி? இல்லை என்கிறது மெல்பேர்னிலிருந்து வந்த ஆய்வு.

லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜிம் வீலன் தலைமையிலான குழு 2018 டிசம்பரில் தனது முடிவுகளை வெளியிட்டது. ஒரு செடி தொடப்பட்ட 30 நிமிடங்களுக்குள் அதன் மரபணுக்களில் சுமார் 10 சதவீதத்தின் செயற்பாடு மாறிவிடுகிறது என்று இந்தக் குழு கண்டறிந்தது. இதற்குப் பெருமளவு ஆற்றல் செலவாகிறது. அந்த ஆற்றல் வளர்ச்சிக்குச் செல்ல வேண்டியது. தொடுகை மீண்டும் மீண்டும் நிகழுமானால் செடியின் வளர்ச்சி 30 சதவீதம் வரை குறையக்கூடும்.

தொடுவது மனிதனாக இருந்தாலும், பூச்சியாக இருந்தாலும், காற்றில் உரசும் பக்கத்துச் செடியாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். நெருக்கமாக நடப்பட்ட செடிகள் ஒன்றோடொன்று உரசுவதும் அவற்றின் வளர்ச்சியைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லைக் காவலுக்கு அதிகம் செலவிடும் நாட்டில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பணம் குறைவது போன்றதே இது. பாதுகாப்பும் வளர்ச்சியும் ஒரே கருவூலத்திலிருந்து செலவாகின்றன. காவலை முற்றாக நீக்கினால் நோய் வரும். காவலை ஓயாமல் நிறுத்தி வைத்தால் விளைச்சல் குறையும்.

தொடு உணர்வு குறைந்த பயிர்களை உருவாக்கினால் விளைச்சல் கூடுமா என்ற கேள்வி எழுவது இதனால்தான். ஆனால் அவ்வாறு உருவாக்கப்படும் பயிர் நோய்க்கு எளிதில் இரையாகுமா என்பதும் உடன் ஆராயப்பட வேண்டியது. ஆஸ்திரேலியாவுக்கு இது ஏட்டளவிலான கவலை அல்ல. 1973இல் இங்கு கோதுமைப் பயிரைத் தாக்கிய தண்டுத் துரு நோய், 20 முதல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலர்கள் வரையில் இழப்பை ஏற்படுத்தியதாக மதிப்பிடப்படுகிறது.

தடவிக் கொடுத்தால் நோய் தீருமா?

தொடுகை நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்றால் அதை விவசாயத்தில் பயன்படுத்த முடியுமா? ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பதில் ஊக்கமளிப்பதாகவே உள்ளது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராமின் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து தொடப்பட்ட அரபிடாப்சிஸ் செடிகள் சாம்பல் பூசணத்தையும் இலைதின்னும் புழுக்களையும் கூடுதலாகத் தாங்கி நின்றன. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இன்னும் எளிமையான வழியைக் காட்டினார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இலையை மெதுவாகத் தேய்த்தாலே சாம்பல் பூசணத்துக்கு எதிராக வலுவான எதிர்ப்பு உருவானது. ஆனால் அது தற்காலிகமானது.

ஜப்பானிய விவசாயிகள் இளம் கோதுமை, வாற்கோதுமைப் பயிர்களைக் காலால் மிதித்துவிடும் வழக்கத்தை நீண்டகாலமாகப் பின்பற்றி வந்துள்ளனர். மிதிபட்ட பயிர் உயரம் குறைந்து, தண்டு தடித்து, கிளைத்து, சாயாமல் நிற்கிறது. இது நோயைத் தடுப்பதற்கான வழிமுறை அல்ல என்றாலும், அழுத்தத்தைப் பயிர் உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற உண்மையை விஞ்ஞானத்துக்கு முன்பே உழவர்கள் கண்டுகொண்டதற்கு இது சான்று.

எனினும், பின்வளவுக் கறிவேப்பிலையைத் தினமும் தடவிக் கொடுத்தால் நோய் வராது என்று இவற்றிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலான பரிசோதனைகள் ஒரே சிறிய செடியில், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் நடைபெற்றவை. வளர்ச்சிக் குறைவு என்ற விலையும் இருக்கிறது. தவிர, நோயுள்ள செடியைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொடுவதே நோயைப் பரப்பும் வழி. மிர்ட்டில் துருவின் பொடி கையிலும் ஆடையிலும் ஒட்டிக்கொண்டு பயணிக்கக் கூடியது.

முதல் காவலரண் வீழும்போது

இந்த இடத்தில்தான் மிர்ட்டில் துரு ஒரு கடினமான பாடத்தைக் கற்பிக்கிறது. பல துருப் பூஞ்சைகள் இலைத்துளைகள் வழியாக நுழைபவை. மிர்ட்டில் துருவோ இளந்தளிரின் மேற்புறச் சுவரையே நேரடியாக ஊடுருவிச் செல்கிறது. அழுத்தத்தை உணரும் காவல் ஒன்றே போதுமானது என்றால், இந்தப் பூஞ்சை வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை.

தொடு உணர்வால் ஏற்படும் பாதுகாப்பு பொதுவானது, விரைவானது. ஆனால் தொடுவது யார் என்பதை அது பிரித்தறியாது. ஊசியும் பூஞ்சையும் அதற்கு ஒன்றே. வந்திருக்கும் கிருமியை இன்னது என்று அடையாளம் கண்டு முழுமையாக எதிர்ப்பதற்குத் தனியான மரபணுக்கள் வேண்டும். மறுபுறம், தேர்ச்சி பெற்ற கிருமிகள் உயிரணுவுக்குள் தமது புரதங்களைச் செலுத்தி அதன் காவல் முறையையே முடக்கிவிடுகின்றன. நீண்டகாலம் ஒரு கிருமியோடு சேர்ந்து வாழ்ந்த தாவரக் கூட்டத்தில், அதை எதிர்க்கும் மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைபெறும். ஆஸ்திரேலியக் காடுகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

விளைவுகள் கண்கூடு. நாட்டுக் கொய்யா என்று இங்கே அழைக்கப்படும் மரமும், ரொடாம்னியா என்ற மற்றொரு மழைக்காட்டு மரமும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ளவையாக அறிவிக்கப்பட்டுள்ளன. 2010க்கு முன்னர் இவை அரிய மரங்களாகக் கருதப்பட்டவை அல்ல. 2019-20 கோடைகாலக் காட்டுத்தீக்குப் பிறகு எரிந்த மரங்கள் மீண்டும் தளிர்த்தபோது, அந்தத் தளிர்களையே துரு தாக்கியது. சிட்னியில் 1950ஆம் ஆண்டின் மழைச் சாதனையை முறியடித்த 2022ஆம் ஆண்டைப் போன்ற ஈரமான காலங்கள் இந்தப் பூஞ்சைக்குச் சாதகமானவை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பாதிக்கப்படும் இனங்கள் பலவற்றில், சில தனி மரங்கள் நோயைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் விதைகளைச் சேகரித்து, எதிர்ப்புத் திறனுக்கான மரபணுக்களைக் கண்டறியும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. தாவரங்கள் அழுத்தத்தை உணரும் விதம் முழுமையாகப் புரியுமானால், அந்த முயற்சிகளுக்கு அது துணைபுரியக் கூடும். பூஞ்சையின் முளை அழுத்தும் இடத்தில் முதலில் விழித்தெழும் வாயில் எது என்பது இன்னும் உறுதியாகத் தீர்க்கப்படாத கேள்வியாகவே இருக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இதில் நேரடியான ஒரு செய்தி உள்ளது. ஊருக்குச் சென்று திரும்பும்போது கறிவேப்பிலைக் கன்றையோ விதைகளையோ பையில் வைத்துக் கொண்டுவரும் ஆசை பலருக்கும் உண்டு. விமான நிலையத்தில் அதைக் கேட்டு வாங்கி அழிக்கும் அதிகாரிகள்மீது மனத்தாங்கல் கொள்வோரும் உண்டு. ஆனால் ஒரு புதிய பூஞ்சை எல்லையைக் கடந்துவிட்டால், அதன்பின் அதை எதிர்கொள்ள வேண்டியது இலையின் ஒற்றை உயிரணு. அழுத்தத்தை உணர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் தன் சுவரைக் காக்க அது திரண்டு நிற்கும். அதற்குப் பழக்கமில்லாத எதிரியிடம் பெரும்பாலும் அது தோற்றுப்போகும் என்பதே மிர்ட்டில் துரு காட்டியிருக்கும் உண்மை.